மாற்றிப் போட்ட ஏழு பெயர்கள்

கடைக்கு வரும் காகிதம் எதையும் நான் படிக்காமல் அடித்ததே கிடையாது. கெட்ட பழக்கம்தான், என் மனைவியே சொல்வாள். வேப்பந்தட்டையில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறவன் பட்டா மனுவையும் விவாகரத்து நோட்டீசையும் கண்ணை மூடிக்கொண்டா அடிக்க முடியும்? எந்த அண்ணன் எந்தத் தம்பியை வரப்புத் தகராறுக்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப் போகிறான் என்பது தாசில்தாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் வெளியே ஒரு வார்த்தை போகாது. என் பெயர் ஜபருல்லா. சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. எட்டு வருஷம் ஷார்ஜாவில் ஓர் அச்சகத்தில் இருந்துவிட்டு, பெண் எடுத்த வகையில் வி.களத்தூருக்கு வந்து, அப்படியே இங்கே கடை போட்டவன்.

மலர்க்கொடி நான்கு லாங் சைஸ் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தபோது, நான் யாருடைய மனுவோ என்றுதான் நினைத்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. என் மாமியார் சர்க்கரை மாத்திரைக்குப் போய் நின்றால், “சாப்ட்ட அப்பறம் ஒன்னு, மறந்துடாதீங்க” என்று மூன்று தடவை சொல்லி அனுப்புகிற பெண்.

“பாய், இது மனு இல்ல. நாவலு. அடிச்சுத் தரணும்.”

“நாவலா? யாரும்மா எழுதுனது?”

“நான்தான். அஞ்சு வருசமா எழுதுனேன்.”

“என்னா கதை?”

“எங்க வூட்டுக் கதை.”

“அதுக்கெல்லாம் காசு வாங்குவனா, உக்காரும்மா,” என்றேன். அப்புறம் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

பதினான்கு மாதம் அடித்தேன். பட்டா மனுக்களுக்கு நடுவில் தினம் இரண்டு பக்கம். முதல் இரண்டு நோட்டில் அவளுடைய அப்பா மதுரைவீரனும் அம்மா ஆண்டாயியும் வேறு வேறு பண்ணைகளில் வேலை பார்த்த கதை. அவர்கள் ஊர் ஒரு மலைப்பக்கத்துக் கிராமம், வேப்பந்தட்டையிலிருந்து நாலு கிலோமீட்டர். மூன்றாவது நோட்டில்தான் எனக்குக் கை நின்றது.

தொண்ணூற்றேழு வைகாசி. மதுரைவீரன் அப்போது முத்துவேல் என்பவரின் பண்ணையில் ஆள். மாசியில் அறுத்த சின்ன வெங்காயத்தில் விதைக்கென்று இருபது மூட்டையைப் பட்டறை போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பட்டறை என்றால், கல் மேல் மூங்கில் பரப்பி, காற்றுப் புகும்படி அடைத்து, மேலே கூரை வேய்ந்த நீளமான கொட்டகை. காவல் மதுரைவீரன். வைகாசியில் பிரித்து எடை போட்டபோது பதினாறு மூட்டைதான் தேறியது. வெங்காயம் காய்ந்தால் எடை குறையும் என்பது பெரம்பலூர் ஜில்லாவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். முத்துவேலுக்குத் தெரியாதா? ஆனால் அந்த வருஷம்தான் மதுரைவீரன் கோயில் நிலம் அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தனக்கென்று வெங்காயம் போட்டிருந்தார். அது கண்ணை உறுத்திவிட்டது. விதையைத் திருடினான் என்றார்கள். அழுகல் வெங்காயத்தைச் சாக்கு நூலில் மாலையாகக் கோத்து அவர் கழுத்தில் போட்டு மூன்று தெருவும் நடக்கவிட்டார்கள். வழியெல்லாம் அடி. அதில் சம்பந்தப்பட்ட ஏழு பேரின் பெயரையும் மலர்க்கொடி அப்படியே எழுதியிருந்தாள்.

ஏழில் ஒன்று என்னைப் பெற்ற அத்தா பெயர். சையது இப்ராஹிம். வெங்காய வியாபாரி. அன்றைக்கு எடை போட்டவர் அவர்தான். அவர் மவுத்தாகிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அந்தப் பக்கத்தை அடித்து முடித்து நான் ஒன்றும் கேட்கவில்லை. இவள் ஏன் வேறு கடையாகப் பார்க்காமல் என் கடைக்கு வந்தாள் என்று மட்டும் எனக்கு ஓயாமல் ஒரு குறுகுறுப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிழை பார்க்கும் தாள்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவேன். போன மாசியில் அவர்கள் சொந்தக் காட்டு வெங்காயம் வந்து களத்தில் கொட்டிக் கிடந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆண்டாயி அம்மா அரிவாள்மனையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்து, காய்ந்த தாளை அறுத்துக் காயை ஒரு பக்கம் தள்ளுவார். பச்சைமலைக் காற்றில் சருகு பறந்து எல்லார் தலையிலும் ஒட்டும். மதுரைவீரன் பொடிக்காயைப் பொறுக்கித் தனியாகப் போடுவார். அறுபத்தாறு வயதிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் மலர்க்கொடி சத்தமாகப் படிப்பாள், நான் தாளில் பிழையைக் குறிப்பேன்.

மாலை போட்ட பகுதி வந்த அன்று ஆண்டாயி அம்மாவின் கை நின்றுவிட்டது. மதுரைவீரன் நிறுத்தவில்லை.

“முத்துவேலு பேரு வருதுல்ல, அத நல்லா சத்தமாப் படி,” என்றார்.

“படிச்சேம்பா.”

“இன்னொரு தபா படி.”

படித்தாள். அவர் பொடிக்காயை வீசிவிட்டுச் சிரித்தார். “ஏ ஆண்டாயி, கேட்டியா? அந்தாளு இருந்திருந்தா இன்னிக்கு எம்மூட்டு மவ படிக்கறத காது குளிரக் கேட்டிருப்பான்.”

“நல்லாக் குளிரும். சும்மா கெடங்க,” என்றார் ஆண்டாயி அம்மா.

என் அத்தா பெயர் வந்தது. மலர்க்கொடி குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மதுரைவீரனுக்கு நான் யார் மகன் என்பது நன்றாகத் தெரியும். அன்றைக்கு மத்தியானம் வெங்காயத்தாள் பொரியலும் கருவாட்டுக் குழம்பும். “பாய்க்கு இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து, வெக்கப்பட்டுக்கிட்டுத் திங்கறாரு,” என்றார். எனக்குச் சோறு இறங்கவே இல்லை.

புத்தகம் அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கும்போது பதிப்பாளர் திருச்சியிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பினார். வக்கீல் பார்த்தாராம். ஏழு பெயரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர்களின் வாரிசுகள் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள், எழுதியவர் அரசு ஊழியர் வேறு. மலர்க்கொடி கடையில் நின்று இரண்டு தடவை படித்தாள்.

“என்ன பண்றது பாய்?”

“நீதாம்மா சொல்லணும்.”

“மாத்திடுங்க. கதை நடந்தது நடந்ததுதான. பேருல என்ன இருக்கு.”

மூன்று நிமிட வேலை. ஒரு பெயரைத் தட்டி, அதற்குப் பதில் இன்னொரு பெயரைத் தட்டி, எல்லா இடத்திலும் மாற்று என்று ஒரு அமுக்கு. முத்துவேல் நூற்றுப் பதினான்கு இடத்தில் சிதம்பரநாதன் ஆனார். திருவிழாவில் பெண்கள் ‘முத்துவேல் முருகா’ என்று கும்பிடுகிற ஒரு வரியும் ‘சிதம்பரநாதன் முருகா’ ஆகிவிட்டதைப் பார்த்து நானும் அவளும் சிரித்தோம். சையது இப்ராஹிம் ஒன்பது இடத்தில் காதர் மைதீன் ஆனார். அமுக்கியபோது என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி, அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

மதுரைவீரன், ஆண்டாயி என்ற பெயர்களை மாற்றும்படி பட்டியலில் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவும் இல்லை.

முந்நூறு புத்தகம் கட்டுக்கட்டாக வந்து அவர்கள் வீட்டு முன்னறையில் அடுக்கப்பட்டது. வருகிற ஞாயிறு பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. முதல் பிரதியை மதுரைவீரன் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கென்று அவர் புதுச்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, காலர் எப்படி வரப்போகிறதோ என்று தினமும் டைலரிடம் போய் நின்றார்.

செவ்வாய்க்கிழமை நான் அழைப்பிதழ்களைக் கொடுக்கப் போயிருந்தேன். சாயங்காலம் நாலரை மணி. ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து முத்துவேலின் மகன் அருள்முருகன் இறங்கினார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஸ்வீட் பெட்டியும். அவருக்கு என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். வேப்பந்தட்டையில் உரக்கடை. நல்ல மனிதர்தான், ஆடிக்கு ஒரு தடவை கோயிலுக்கு அரிசி மூட்டை கொடுப்பார், யாரையும் அதட்ட மாட்டார்.

“என்னா மதுரவீரா, நல்லாருக்கியா?”

“இருக்கேங்க. வாங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆண்டாயி அம்மா கொடுத்த டீயை வாங்கினார், மிச்சம் வைக்காமல் குடித்தார். அவருடைய அப்பா இந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. அப்புறம் மலர்க்கொடி பக்கம் திரும்பினார்.

“மேடம், லைப்ரரிக்கு நீங்க குடுத்த புக்க எடுத்துப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. எங்கப்பா பண்ணது தப்புத்தான், நான் இல்லன்னு சொல்லல. அன்னிக்கு நான் பன்னண்டாவது பரிச்ச எழுதிட்டு ரிசல்ட்டுக்கு ஒக்காந்திருந்தேன். மாடியில நின்னு பாத்தேன்.”

மலர்க்கொடி, “அப்பிடிங்களா,” என்றாள்.

“புக்கு வருதுன்னு கேள்விப்பட்டதுலேருந்து வூட்ல ஒரே பயம். அம்மாவுக்குச் சரியாச் சோறு எறங்கல. பொண்ணு காலேஜு முடிக்கப் போவுது, நாளைக்கு நாலு எடத்துல மாப்ள பாக்கணும். படிச்சுப் பாத்தா பேர மாத்திட்டீங்க. பெரிய மனசு மேடம். அதான் நேர்ல வந்து ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு.”

களத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த மதுரைவீரன் நிமிர்ந்தார்.

“பேர மாத்திட்டாங்களா?”

“ஆமா மதுரவீரா. அப்பாவுக்குச் சிதம்பரநாதன்னு போட்டிருக்காங்க. ஏழு பேருக்குமே மாத்திட்டாங்க.”

“எம்பேரு?”

அருள்முருகன் மலர்க்கொடியைப் பார்த்தார். மலர்க்கொடி தரையைப் பார்த்தாள். நான் அழைப்பிதழைப் பார்த்தேன்.

“உம்பேரு அப்பிடியேதான் இருக்கு,” என்றார் அருள்முருகன்.

கார் போன பிறகும் மதுரைவீரன் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தார். அருள்முருகன் வந்து நன்றி சொன்னதை அசட்டுத்தனம் என்று சிரிக்க எனக்கு யோக்யதை இல்லை. அவர் வீடு தேடி வந்து சொன்னதை நான் கடையில் உட்கார்ந்தே சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

“மலரு, எம்பேரு என்னான்னு இருக்கு?”

“மதுரவீரன்னுதாம்பா.”

“ஊரு?”

“ஊரும் இதான்.”

“அப்ப மால போட்டவன் எவனோ ஒரு சிதம்பரநாதன். எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது. மாலய வாங்கிக்கிட்டவன் மட்டும் இந்த வூட்டு மதுரவீரன்.”

“அப்பா, வக்கீல் சொன்னாரு. கேஸு வரும், வேல போயிடும்னு. அவங்க பேரத்தான் மாத்தச் சொன்னாங்க. ஒங்க பேர மாத்தச் சொல்லி யாரும் சொல்லல.”

“யாரு சொல்லுவா? எனக்கு எந்த வக்கீல் இருக்கான்?”

“ஏங்க, அவ என்னா வேணும்னா பண்ணா,” என்றார் ஆண்டாயி அம்மா.

“நீ சும்மா இரு. மலரு, நீ களத்துல வச்சுப் படிச்சுக் காட்டுனப்ப எல்லாப் பேரும் இருந்துச்சு. நான் கேட்டேன். சரின்னேன். எம்மேல வழிஞ்ச அழுகல் தண்ணி வரைக்கும் எழுதுன்னேன். இப்ப வந்து எறங்கியிருக்கறது அது இல்ல. பட்டறையில போட்ட எடை எடுக்கறப்ப இல்ல. சொல்லு, யாரு திருடுனா?”

மலர்க்கொடி அழுதுவிட்டாள். மாத்திரை கொடுக்கிற இடத்தில் எத்தனை பேர் கத்தினாலும் முகம் மாறாத பெண். “ரேசன் கார்டுல ஒங்க பேரு மதுரை வீரப்பன்னு தப்பா இருக்கு. ஓட்டு லிஸ்ட்டுல வீரானு இருக்கு. எழுத்துல ஒரு எடத்துலயாவது ஒங்க பேரு முழுசா இருக்கணும்னு நெனச்சேம்பா. அதான் எனக்கு மாத்தத் தோணவேயில்ல.”

“அதுக்கு இந்த எடந்தான் கெடச்சுதா?” என்றார் அவர். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

“எம்பேரும் இருக்குல்ல?” என்று கேட்டார் ஆண்டாயி அம்மா. “அந்த மாலய அவுத்து நான் குப்பையில கடாசுனேன்னு?”

“இருக்கும்மா.”

“அது இருக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“ஒங்க பேர எடுத்துடறேம்பா,” என்றாள் மலர்க்கொடி. “விழாவ நிறுத்திட்டு, இத அப்பிடியே பழைய பேப்பருக்குப் போட்டுட்டு, வேற அடிக்கறேன்.” அஞ்சு வருஷம் எழுதியதை ஒரே மூச்சில் பழைய பேப்பருக்குப் போடுகிறேன் என்றாள். மதுரைவீரன் கயிற்றுக் கட்டிலை இழுத்து வந்து புத்தகக் கட்டுகளை ஒட்டிப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் எழுந்தால்தான் ஒரு புத்தகம் வெளியே போகும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மினி பஸ்ஸில் வந்து என் கடை வாசலில் இறங்கினார்.

“பாய், அச்சுல தப்பு வந்துட்டா என்னா பண்ணுவீங்க? எல்லாத்தயும் கொளுத்திடுவீங்களா?”

“இல்லங்கய்யா. பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச் சீட்டு அடிப்போம். இன்ன பக்கத்துல இப்படி இருக்கறத இப்படின்னு படிக்கவும்னு போட்டு, உள்ள ஒட்டிடுவோம்.”

“ஒட்டுனா செல்லுமா?”

“செல்லும். பெரிய பெரிய புஸ்தகத்துலயே ஒட்டியிருக்கும்.”

“அப்ப வாங்க.”

“எங்க?”

“உரக்கடைக்கு. நீங்க சாட்சிக்கு வாங்க, பேச வேணாம்.”

கடையை இழுத்து மூடிவிட்டுப் போனேன். வரமாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. இந்த ஆள் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்காமல் இருந்தால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடியிருக்காது.

அருள்முருகன் ஒரு விவசாயிக்கு வெங்காயத்தில் நுனி கருகலுக்கு என்ன மருந்து என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டு எங்களுக்கு ஸ்டூலைக் காட்டினார். மதுரைவீரன் உட்கார்ந்தார்.

“தம்பி,” என்றார். அவர் அந்த வீட்டு ஆட்கள் யாரையும் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அருள்முருகனும் கேட்டிருக்க மாட்டார், தலையைத் தூக்கினார். “புக்குல ஒங்கப்பா பேரப் போடப்போறோம்.”

“அதான் மாத்தியாச்சே.”

“அது அச்சுத்தப்பு. திருத்தறோம்.”

“வேணாம் மதுரவீரா. செத்துப்போன மனுசன். அம்மா இருக்காங்க. அப்பறம் நான் கேஸு போட வேண்டி வரும். அந்த மேடத்துக்குக் கவுர்மெண்டு வேல. யோசிச்சுப் பேசு.”

“அதக் கேக்கத்தான் வந்தேன். கேஸு போட்டா என்னான்னு போடுவீங்க?”

“மானநஷ்டம்னுதான்.”

“எங்கப்பா அப்பிடிப் பண்ணலன்னு சொல்லணும்ல?”

அருள்முருகன் பேனாவை மூடினார், திறந்தார்.

“நேத்து எங்க வூட்ல ஒக்காந்து மாடியில நின்னு பாத்தேன்னு சொன்னீங்க. பாத்தேன்னா கேஸு இல்ல. பாக்கலன்னு சொல்லணும்னா கூண்டுல ஏறி எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். சொல்லுங்க. இருவத்தேழு வருசம் ஆச்சு தம்பி. அன்னிக்கு என்னாய்யா நடந்துச்சு, நீ எடுத்தியா எடுக்கலயான்னு என்னய ஒரு மனுசன் கேட்டதில்ல. போலீசு கேக்கல, பஞ்சாயத்து கேக்கல. ஒரு ஜட்ஜாவது கேக்கட்டுமே.”

தெருவில் நெல் அறுக்கும் வண்டி ஒன்று கடகடத்துப் போனது.

“நான் விழாவுக்கு வரலாம்னு இருந்தேன்,” என்றார் அருள்முருகன்.

“வாங்க தம்பி. நாக்காலி போட்டிருப்பாங்க.”

வெளியே வந்து மதுரைவீரன் இரண்டு தீக்குச்சியை வீணாக்கிவிட்டுப் பீடியை என்னிடம் கொடுத்தார். நான் பற்ற வைத்துக் கொடுத்தேன்.

அருள்முருகன் கேஸ் போடுவாரா, விழாவுக்கு வருவாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மத்தியானம் ஒன்றரைக்கு மலர்க்கொடி டூட்டி முடிந்து ஓடி வந்தாள். அதற்குள் நான் பதிப்பாளருக்குப் போன் போட்டிருந்தேன். அவர் அஞ்சு நிமிஷம் கத்தினார். கடைசியில், “அது அவங்க வாங்குன பிரதி, அவங்க என்னத்தையும் ஒட்டிக்கட்டும், எனக்கு எதுவும் தெரியாது,” என்று வைத்துவிட்டார்.

“அப்பா, மெமோ வரலாம். வேலயே கூடப் போவலாம்,” என்றாள் மலர்க்கொடி.

“தெரியும். நீ வேணாம்னா வேணாம். எம்பேர எடுத்துட்டு வேற அடி. நான் கட்டில எடுத்து அப்பால போட்டுடறேன். ஆனா எனக்கு ஒன்னு சொல்லு. நீ எதுக்கு எழுதுன?”

அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அடிங்க பாய்,” என்றாள். “நான் பக்கம் சொல்றேன்.”

மேலே ‘பிழைதிருத்தம்’ என்று தடித்த எழுத்தில் போட்டேன். அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தாள். பெயர் முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அந்த வரிசையில் போவதுதான் முறை. முதல் பக்கத்தைச் சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“பாய், ஆறு பேரு போதும். ஒங்கத்தா பேர விட்டுடலாம். அவரு காதர் மைதீனாவே இருக்கட்டும்.”

“ஏம்மா?”

“நீங்க பதினாலு மாசம் அடிச்சுக் குடுத்தீங்க.”

“அடிச்சதுக்குக் காசு வாங்குனேன்ல?”

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பாக இல்லை. வி.களத்தூரில் என் மாமனார் என்ன சொல்வார், லப்பைக்குடிக்காட்டில் என் அம்மா காதுக்கு எப்படிப் போகும் என்று எல்லாம் ஓடியது. பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டே, பக்கம் நூற்று முப்பத்தெட்டு முதல், ‘காதர் மைதீன்’ என்பதைச் ‘சையது இப்ராஹிம்’ என்று படிக்கவும் என்று அடித்தேன். அதற்குக் கீழே முத்துவேல். அதற்குக் கீழே மற்ற ஐந்து பேர்.

மதுரைவீரனுக்குத் தாளைக் காட்டி வரிவரியாகப் படித்தேன். அவர் விரலை முதல் வரியில் வைத்தார்.

“இது ஒங்கத்தாவா?”

“ஆமாங்கய்யா.”

“மொதல்ல எதுக்குப் போட்டீங்க? அவரு அடிக்கலியே. தராசப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னாரு. கடைசில போடுங்க.”

“பக்க வரிசப்படி அவருதான் மொதல்ல வர்றாரு.”

“வரிச என்னா பெரிய வரிச. மாத்திப் போடுங்க பாய், பரவால்ல.”

எனக்கு அந்த நேரத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம்.

“அய்யா, அன்னிக்கு அத்தா வூட்டுக்கு வந்து சோறு திங்கும்போது அம்மாகிட்டச் சொன்னாரு. வெங்காயம் காஞ்சு கொறைஞ்சதுதான், அந்தாளு ஒரு காயக்கூட எடுத்திருக்க மாட்டான்னு. நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். எனக்குப் பதினெட்டு வயசு.”

மதுரைவீரன் விரலை எடுக்காமல் நிமிர்ந்தார்.

“வூட்ல சொன்னாரா?”

“வூட்ல சொன்னாரு.”

“களத்துல சொல்லியிருந்தா நின்னுருக்கும் பாய். வியாபாரி சொல்லுக்கு முத்துவேலு மறுபேச்சு பேச மாட்டான். நானே அவரு வாயத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“ஆமாங்கய்யா.”

அவர் விரலை அந்த வரியிலிருந்து எடுத்தார்.

“அப்ப மொதல்லயே இருக்கட்டும்,” என்றார்.

ஜெராக்ஸ் மெஷினில் முந்நூறு என்று எண்ணிக்கையைத் தட்டினேன்.